'எங்கள் கையில் இல்லை' என்று சொல்ல விடாமல் கேட்பது எப்படி?

எடின்பரோ நகரின் ஹோலிரூட் பகுதியில் இருக்கிறது ஸ்காட்லாந்து நாடாளுமன்றம். அங்கே ஓர் உறுப்பினர் அரசிடம் எழுத்தில் கொடுக்கும் கேள்வி எதுவாக இருந்தாலும், அதன் தொடக்கம் ஒன்றுதான்: 'ஸ்காட்லாந்து அரசைக் கேட்பதாவது'. அதற்குப் பின் பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம். வியாழக்கிழமை மதியம் முதலமைச்சரிடம் கேள்வி கேட்கும்போது நடந்து தொலைக்காட்சியில் வரும் வாய்ச்சண்டையோடு ஒப்பிட்டால் இது உப்புச்சப்பில்லாத சமாசாரமாகத் தோன்றும். எனக்கென்னவோ, அமைச்சர்களை உண்மையில் நெளிய வைப்பது அந்த ஒற்றை வாக்கியம்தான் என்று படுகிறது. அதைச் செதுக்குவதில் ஒரு தொழில்நுட்பமே இருக்கிறது.

அந்தத் தொழில்நுட்பம் ஏன் தேவைப்படுகிறது? ஸ்காட்லாந்து அரசு முழு அரசல்ல. லண்டனில் இருக்கும் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1998-ல் இயற்றிய ஸ்காட்லாந்து சட்டத்தின் மூலம் அதிகாரம் பகிர்ந்து தரப்பட்ட அரசு. 129 உறுப்பினர்கள் கொண்ட அவை 1999 மே 12-ஆம் தேதி முதன்முறையாகக் கூடியது. அதிகாரம் பிரிக்கப்பட்ட விதம் சுவாரசியமானது. லண்டன் தன்னிடமே வைத்துக்கொண்டவற்றை மட்டும் சட்டத்தின் 5-ஆம் அட்டவணை வரிசைப்படுத்துகிறது: பாதுகாப்பு, வெளியுறவு, குடியேற்றம், நாணயம், ஒளிபரப்பு, போதைப்பொருள் சட்டம் என்று பட்டியல் நீளும். பட்டியலில் இல்லாததெல்லாம் எடின்பரோவுக்கு. இந்திய அரசியல் சட்டத்தில் இது நேர் தலைகீழ். மூன்று பட்டியல்களிலும் சேராத எஞ்சிய அதிகாரம் டெல்லிக்குப் போகும்.

ஆக மருத்துவம், பள்ளிக்கூடம், காவல்துறை, நீதிமன்றம், வீட்டுவசதி, பெரும்பாலான போக்குவரத்து எல்லாம் ஸ்காட்லாந்து அரசின் பொறுப்பு. காகிதத்தில் கோடு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மனிதர்களின் பிரச்சினைகள் அந்தக் கோட்டைப் பார்த்து வருவதில்லையே.

ஒரு கேள்வி எப்படிப் பயணிக்கிறது என்று பார்ப்போம். உறுப்பினர் அதை அவையின் அலுவலகத்தில் பதிவு செய்கிறார். அங்குள்ள ஊழியர்கள் முதலில் பார்ப்பது, கேள்வியின் பொருள் ஸ்காட்லாந்து அரசின் பொறுப்பில் வருகிறதா என்பதை. சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறதா, கேள்வி என்ற பெயரில் மேடைப் பேச்சு ஒளிந்திருக்கிறதா என்பதெல்லாம் அப்புறம். தகராறு வந்தால் அவைத்தலைவர் முடிவே இறுதி. தேறிய கேள்விக்கு ஓர் எண் கிடைக்கும், அச்சில் வரும், அரசுத் துறைக்குப் போகும். வழக்கமாக 10 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும். நீண்ட விடுமுறைக் காலத்தில் 20. இத்தனை கேள்விதான் கேட்கலாம் என்ற வரம்பு கிடையாது. 2021-ல் தொடங்கிய ஆறாவது அவையில் மட்டும் எழுத்துக் கேள்விகளின் எண் 30,000-ஐத் தாண்டிவிட்டது.

சரி, முதல் வாசலிலேயே கேள்வி தடுக்கப்பட்டால்? போதைப்பொருள் மரணங்களை எடுத்துக்கொள்ளலாம். 2020-ல் மட்டும் ஸ்காட்லாந்தில் 1,339 பேர் போதைப்பொருளால் இறந்தார்கள் என்று தேசியப் பதிவேட்டு அலுவலகம் கணக்கிட்டது. ஐம்பது லட்சத்துச் சொச்சம் மக்கள்தொகைக்கு இது பயங்கரமான எண்ணிக்கை. ஆனால் போதைப்பொருளைத் தடைசெய்யும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் லண்டனின் கையில். 'இந்தச் சட்டத்தை எப்போது திருத்துவீர்கள்?' என்று எடின்பரோவில் கேட்டால் கேள்வி வாசலைத் தாண்டாது. அது அவர்கள் திருத்தக்கூடிய சட்டமே இல்லை.

பழகிய உறுப்பினர் வேறு மாதிரி கேட்பார்: 'இந்தச் சட்டத்தைத் திருத்துவது குறித்துப் பிரிட்டிஷ் அரசுடன் என்ன பேச்சு நடத்தினீர்கள்?' சட்டம் லண்டனுடையது. பேசினார்களா இல்லையா என்பது எடின்பரோவின் பொறுப்பு. கேள்வி உள்ளே போய்விடும். இன்னும் கூர்மையாகவும் கேட்கலாம். சிகிச்சை மையங்களுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள்? மருத்துவத் துறை என்ன செய்கிறது? வழக்குத் தொடுக்கும் கொள்கை என்ன? இவையெல்லாம் முழுக்க எடின்பரோவின் எல்லைக்குள் இருப்பவை. நடந்ததும் அப்படித்தான். இதற்காகச் சட்டம் ஒரு வரி மாறவில்லை. ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞரான லார்டு அட்வகேட் டாரத்தி பெய்ன் 2023 செப்டம்பரில் ஒரு நிலைப்பாட்டை அறிவித்தார்: கண்காணிப்புடன் போதைப்பொருள் பயன்படுத்தும் சோதனை மையத்துக்குள், சிறிதளவு வைத்திருந்ததற்காக ஒருவர்மேல் வழக்குத் தொடுப்பது பொதுநலனுக்கு உகந்ததாக இருக்காது. 2025 ஜனவரியில் கிளாஸ்கோவில் அப்படியொரு மையம் திறந்தது. லண்டன் பூட்டிய கதவுக்குப் பக்கத்திலேயே எடின்பரோவுக்கும் ஒரு சின்னக் கதவு இருந்திருக்கிறது.

லண்டன் பக்கமும் இதே கதைதான். அதிகாரத்தைக் கொடுத்த பிறகு, கொடுத்த துறைகளைப் பற்றி பிரிட்டிஷ் அமைச்சர்களிடம் கேள்வி கேட்கக் கூடாது என்று 1999 அக்டோபர் 25-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான பொதுச்சபை தீர்மானம் போட்டது. சில விதிவிலக்குகள் உண்டு. எப்படியிருந்தாலும் தவறான வாசலில் கேட்ட கேள்வி இரண்டு ஊரிலும் திரும்பி வரும்.

அரசு மேலே கைகாட்டுவதைச் சமாளித்துவிடலாம். கீழே கைகாட்டுவதுதான் படு கஷ்டம். ஸ்காட்லாந்தில் மருத்துவமனைகளை நடத்துவது 14 வட்டார மருத்துவ வாரியங்கள். பள்ளிகளையும் முதியோர் பராமரிப்பையும் கவனிப்பது 32 உள்ளாட்சி மன்றங்கள். எழுத்துக் கேள்விகளின் பதில்களைப் படிப்பவர்களுக்கு மனப்பாடமாகிவிட்ட வாக்கியம் ஒன்று உண்டு: 'கேட்ட விவரம் மையமாகத் திரட்டி வைக்கப்படவில்லை.' அதைத் தேய்ந்த நாணயம் மாதிரி ஒவ்வொரு துறையும் எடுத்து நீட்டும். சில நேரம் அது நேர்மையான பதில்தான். பதினான்கு வாரியங்களும் ஒன்றையே பதினான்கு விதமாக எண்ணிக்கொண்டிருந்தால் அமைச்சரால் என்ன கூட்டிச் சொல்ல முடியும்?

இதற்கும் உறுப்பினர்களிடம் மாற்று வழி இருக்கிறது. ஒன்று, 'விவரம் இல்லை' என்பதையே அடுத்த கேள்வியாக்குவது: 'இதைத் திரட்டச் சொல்லி வாரியங்களுக்கு எப்போது கடிதம் எழுதினீர்கள்?' இன்னொன்று, ஸ்காட்லாந்தின் 2002-ஆம் ஆண்டு தகவல் அறியும் சட்டத்தின்கீழ் எல்லா வாரியங்களுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் போடுவது. அதற்குக் கெடு 20 வேலை நாட்கள். வந்த எண்களைத் தாங்களே கூட்டி, நேராக வியாழக்கிழமை அவைக்குக் கொண்டுவருவார்கள். அமைச்சரிடம் இல்லாத எண் எதிர்க்கட்சித் தலைவரின் கையில் இருக்கும்.

வியாழக்கிழமை என்றால் முதலமைச்சரிடம் கேள்வி கேட்கும் நேரம். மதியம் 12 மணிக்கு ஆரம்பம். 2016 வரை அரை மணி, அதன்பின் 45 நிமிடம். ஒரு காலத்தில் கட்சித் தலைவர்கள் பதிவு செய்யும் முதல் கேள்வி, 'இன்றைய மீதி நாளுக்கு முதலமைச்சருக்கு என்ன அலுவல்கள்?' என்பது போல அப்பாவியாக இருக்கும். முதலமைச்சரின் டைரி யாருக்கு வேண்டும்? வேண்டியது அதைத் தொட்டு வரும் துணைக் கேள்வி. அது எதைப் பற்றியும் இருக்கலாம், முன்கூட்டியே சொல்லவும் வேண்டாம். எதைக் கேட்பார்கள் என்று ஊகித்து அதிகாரிகள் தடிமனான கோப்பு ஒன்றைத் தயாரிப்பார்கள். இந்த விளையாட்டில் அரசு கற்றுக்கொள்வது கோப்பைத் தயாரிக்கும்போதுதான் என்பேன். ஒரு மருத்துவமனையின் காத்திருப்பு நேரம் ஏன் கூடியது என்று யாரோ ஓர் அதிகாரி புதன்கிழமை ராத்திரி தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மறுநாள் அந்தக் கேள்வி வராமலே போகலாம்.

துறை அமைச்சர்களுக்கும் தனித்தனிக் கேள்வி நேரம் உண்டு. கேட்பவர்களின் பெயரைக் குலுக்கல் முறையில் எடுப்பார்கள். அன்றாட விவகாரங்களுக்குச் செவ்வாய்க்கிழமை. ஆளுங்கட்சி உறுப்பினர்களும் எழுந்து, 'இந்த அருமையான திட்டத்தை அமைச்சர் வரவேற்பாரா?' என்ற தினுசில் கேட்பார்கள். அமைச்சர் வரவேற்பார். எந்த ஊர் அவையிலும் நடக்கிற கூத்து என்பதால் இதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை.

கேள்விகளின் முழுச் சங்கிலியையும் காட்டும் விவகாரம் இரண்டு கப்பல்களைப் பற்றியது. மேற்குக் கரைத் தீவுகளுக்குப் பயணிகளையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்ல இரண்டு ஃபெர்ரிகள் கட்ட, 2015 அக்டோபரில் போர்ட் கிளாஸ்கோவின் ஃபெர்குசன் கப்பல்தளத்துக்கு 9.7 கோடி பவுண்டு ஒப்பந்தம் போனது. முதல் கப்பலான க்ளென் சானக்ஸை 2017 நவம்பரில் அப்போதைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் நீரில் இறக்கிவைத்தார். அன்று அதில் ஜன்னல்களே இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் வண்ணம் அடித்து ஒப்பேற்றியிருந்தார்கள். 2019-ல் கப்பல்தளம் நொடித்துப்போய் அரசே அதை எடுத்துக்கொண்டது.

இவ்வளவுக்கும் அவையில் கேள்விகள் வந்துகொண்டேதான் இருந்தன: எவ்வளவு கொடுத்தீர்கள், எப்போது முடியும், எந்த அமைச்சர் கையெழுத்திட்டார்? ஒவ்வொரு பதிலிலும் ஒரு தேதி. ஒவ்வொரு தேதியும் தவறியது. எழுத்துக் கேள்வியின் அருமை இங்கேதான் தெரியும். அவையில் சொன்னதை 'நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை' என்று மழுப்பலாம். அச்சில் எண் போட்டு வெளியான பதிலை அடுத்த ஆண்டு அப்படியே முகத்துக்கு நேரே நீட்ட முடியும். பழைய பதில்களே புதிய கேள்விகளுக்கு ஆதாரமாயின.

2022 மார்ச்சில் ஸ்காட்லாந்தின் தணிக்கை அமைப்பு அறிக்கை கொடுத்தது. செலவு குறைந்தது 24 கோடி பவுண்டு ஆகியிருந்தது. கப்பல் கட்டுபவர் கைவிட்டால் பணத்தைத் திருப்பித் தரும் முழு உத்தரவாதம் ஒப்பந்தத்தில் இல்லை. அந்த ஆபத்தை அமைச்சர்கள் ஏன் ஏற்றுக்கொண்டார்கள் என்பதற்குப் போதுமான ஆவணச் சான்று கிடைக்கவில்லை. அதோடு 'எவ்வளவு' என்ற கேள்வி பின்னால் போய் 'யார்' என்ற கேள்வி முன்னால் வந்தது. வாராவாரம் அதையே கேட்டார்கள். மே மாதம், காணோம் என்றிருந்த ஒரு மின்னஞ்சலை அரசு வெளியிட்டது. முடிவெடுத்தவர் அப்போதைய போக்குவரத்து அமைச்சர் டெரெக் மக்கே என்பதை அது காட்டுகிறது என்றது அரசு. எதிர்க்கட்சிகள் அதோடு விடவில்லை. நவம்பரில் ஸ்டர்ஜனே பொதுத் தணிக்கைக் குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொன்னார்.

குழுவில் கேள்வியின் இயல்பே மாறிவிடும். அவையில் ஒரு நிமிடம் கிடைக்கிற இடத்தில் இங்கே ஒன்று இரண்டு மணி நேரம் கிடைக்கும். ஒரே ஆளை, ஒரே விஷயத்தில், விடாமல் கேட்கலாம். 1998 சட்டத்தின் 23-ஆம் பிரிவு, ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் செய்யவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அதை அபூர்வமாகத்தான் எடுப்பார்கள். இருக்கிறது என்பது தெரிந்தாலே பல பேர் தாமாக வந்துவிடுகிறார்கள். கூடவே அமைச்சர்களுக்கான நடத்தை விதி வேறு: தெரிந்தே அவையைத் தவறாக வழிநடத்திய அமைச்சர் பதவி விலக முன்வர வேண்டும், தெரியாமல் சொன்ன தவறைச் சீக்கிரம் திருத்த வேண்டும். அதனால்தான் அமைச்சர்களின் பதில்கள் வழவழவென்று இருக்கின்றன. வழுக்குவதற்காக மட்டும் அப்படி எழுதுவதில்லை, தவறாகிவிடக் கூடாதே என்ற பயமும் அதில் உண்டு.

க்ளென் சானக்ஸ் 2025 ஜனவரி 13-ஆம் தேதி, ட்ரூனிலிருந்து அரன் தீவின் ப்ராடிக் துறைக்கு முதன்முதலாகப் பயணிகளோடு போனது. அதற்குள் ஸ்டர்ஜனுக்கு அடுத்து வந்த முதலமைச்சரும் பதவி விலகி, ஜான் ஸ்வின்னி அந்த இருக்கைக்கு வந்திருந்தார். இரண்டாவது கப்பல் க்ளென் ரோசா அப்போதும் கப்பல்தளத்தில்தான் நின்றது, அது எப்போது வரும் என்று கேட்க உறுப்பினர்களும் அவையில் இருந்தார்கள்.