தேவாலயமும் மாநிலமும் அல்ல, திருச்சபையும் அரசும்

அமெரிக்க அரசியல் பற்றிய மொழிபெயர்ப்பு எதை எடுத்தாலும் "தேவாலயத்தையும் மாநிலத்தையும் பிரித்தல்" என்ற தொடர் கண்ணில் படுகிறது. செய்திக் கட்டுரையில் வருகிறது, ஆவணப்படத்தின் அடிவரியில் வருகிறது, போட்டித் தேர்வுக் குறிப்பேடுகளிலும் வருகிறது. "தேவாலயம் மற்றும் மாநிலப் பிரிவினை" என்று சுருக்கி அதைக் கலைச்சொல்லாகவே ஆக்கிவிட்டவர்களும் உண்டு. 'செப்பரேஷன் ஆஃப் சர்ச் அண்ட் ஸ்டேட்' என்ற ஆங்கில மூலம் தெரியாத ஒருவர் இதைப் படித்தால் என்ன நினைப்பார்? ஏதோ ஒரு கோயில் சொத்தை மாநில அரசிடமிருந்து பாகம் பிரித்த வழக்கு என்றுதான் நினைப்பார். சமய அமைப்பும் ஆட்சியமைப்பும் ஒன்றோடொன்று கலவாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அந்தத் தொடரில் முதன்மையான சொற்கள் மூன்று: தேவாலயம், மாநிலம், பிரிவினை. மூன்றுமே பிழையாகத் தமிழுக்கு வந்திருக்கின்றன.

வேர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 'சர்ச்' என்ற சொல் 'ஆண்டவருக்கு உரியது' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முதலில் ஆண்டவரின் இல்லத்தைக் குறித்து, பிறகு அங்கே கூடும் மக்களின் அமைப்பையும் குறித்தது. பிரெஞ்சு, போர்த்துகீசிய மொழிகளில் இதற்கு வழங்கும் சொற்கள் 'எக்ளேசியா' என்ற வேறொரு கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை. அதற்குக் குடிமக்கள் கூடும் அவை என்று பொருள். 'ஸ்டேட்' லத்தீனில் 'நிலை' என்பதைக் குறித்த சொல். ஆள்பவரின் நிலை என்பதிலிருந்து ஆட்சியமைப்பு என்ற பொருளுக்கு அது வளர்ந்தது. பின்னால் பேசப்போகும் 'மதச்சார்பின்மை'க்கு மூலமான 'செக்குலர்' என்பதன் வேர்ச்சொல்லுக்கு ஊழி, இவ்வுலகக் காலம் என்று பொருள். அதிலிருந்து 'செக்குலரிசம்' என்ற கொள்கைப் பெயரை 1851-இல் உருவாக்கியவர் இங்கிலாந்தின் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக்.

தமிழில் தேவாலயம் என்றால் கட்டடம். அதற்குக் கூரை உண்டு, மணி உண்டு, திருவிழாவுக்கு வெள்ளையடிப்பார்கள். ஆயர்களும் உறுப்பினர்களும் சட்டதிட்டங்களும் சொத்தும் கொண்ட அமைப்புக்குத் தமிழ்க் கிறித்தவர்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர் திருச்சபை. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் பெயரைத் தமிழ்நாட்டில் கேள்விப்படாதவர்கள் குறைவு. கத்தோலிக்கர் பலர் இப்போது 'திருஅவை' என்று எழுதுகிறார்கள். அதுவும் நல்ல சொல்தான், 'எக்ளேசியா' என்பதன் பொருளுக்கு மிக நெருக்கமானதும்கூட. 'திரு' என்பது நம்பிக்கையாளர் சேர்த்த அடைமொழி, நடுநிலையாக எழுதுபவர் 'சபை' என்றாலே போதும் என்று சிலர் வாதிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. வெறும் சபை என்றால் சட்டசபையா, சங்கீத சபையா, எந்தச் சபை என்ற கேள்வி எழும். ஒரு சமூகம் தன் அமைப்புக்கு வைத்துக்கொண்ட பெயர் தெளிவாக இருக்கும்போது அதிலிருந்து ஓர் எழுத்தையும் உதிர்க்கத் தேவையில்லை.

'மாநிலம்' செய்திருக்கும் கேடு இதைவிடப் பெரியது. பழந்தமிழில் மாநிலம் என்றால் பேருலகம். நற்றிணையின் கடவுள் வாழ்த்து "மாநிலம் சேவடியாக" என்றுதான் தொடங்குகிறது. இன்று அது கூட்டாட்சியின் உறுப்பைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. கேரளம் மாநிலம், டெக்சாஸ் மாநிலம். இறைமை கொண்ட ஆட்சியமைப்பு என்ற பொருளில் அதே ஆங்கிலச் சொல் வரும்போது அதற்குரிய தமிழ் 'அரசு'. "வகுத்தலும் வல்ல தரசு" என்று வள்ளுவர் ஆண்ட சொல். ஆனால் அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டு நகரும் பழக்கம் வந்துவிட்டது. கணினி மொழிபெயர்ப்பு வந்த பிறகு அந்த அளவு தேடலும் போய்விட்டது. நாட்டின் தலைவர் 'மாநிலத் தலைவர்' ஆகிறார். அமெரிக்க வெளியுறவுத் துறை 'மாநிலத் துறை' ஆகிறது. பாலஸ்தீனர்கள் எத்தனையோ தலைமுறையாகக் கேட்டுவரும் தனிநாட்டைப் 'பாலஸ்தீன மாநிலம்' என்று எழுதுகிறார்கள். யாருடைய மாநிலம்? எந்த நாட்டின் மாநிலம்? எழுதியவர் ஒரு நொடி நின்று தன்னையே இப்படிக் கேட்டிருந்தால் அந்தச் சொல் அச்சேறியிருக்காது.

அரசு என்றால் ஆட்சியில் இருக்கும் கட்சி அல்லவா, 'தமிழக அரசு' என்று நாளிதழ்கள் எழுதுகின்றனவே என்று கேட்கலாம். ஆட்சியில் இருப்போரைத் தனியாகச் சுட்ட 'அரசாங்கம்' என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. தேர்தலில் மாறுவது அரசாங்கம், மாறாமல் நிற்பது அரசு. இந்த வேறுபாட்டைக் கடைப்பிடித்தால் குழப்பம் வராது.

இந்தத் தொடர் புகழ்பெற்ற இடத்துக்கே போய்ப் பார்த்தால் 'மாநிலம்' என்பது எவ்வளவு தவறு என்பது இன்னும் நன்றாக விளங்கும். 1801 அக்டோபரில், கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி வட்டாரத்தில் இருந்த, புராட்டஸ்டன்ட் பிரிவுகளில் ஒன்றான பாப்டிஸ்ட் சபைகளின் கூட்டமைப்பு, அந்த ஆண்டு குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்ற தாமஸ் ஜெபர்சனுக்குக் கடிதம் எழுதியது. கனெக்டிகட்டில் அப்போது காங்கிரிகேஷனல் திருச்சபைக்குச் சட்டத்தின் ஆதரவு இருந்தது. அதைத் தாங்க மக்களிடம் வரி வாங்கினார்கள். பாப்டிஸ்டுகள் அந்த வரியிலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால், தாங்கள் வேறு சபையினர் என்று சான்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாநிலத்தில் சிறு பகுதியாக இருக்கும் எங்களுக்குச் சமய வாழ்வில் கிடைப்பதெல்லாம் அளிக்கப்பட்ட சலுகைகளே, பறிக்க முடியாத உரிமைகள் அல்ல என்பது அவர்களின் குறை.

1802 ஜனவரி 1 அன்று ஜெபர்சன் பதில் எழுதினார். சமயம் மனிதனுக்கும் அவனுடைய கடவுளுக்கும் இடைப்பட்ட விஷயம் என்றார். அமெரிக்க மக்கள் தங்கள் அரசியலமைப்பின் மூலம் திருச்சபைக்கும் அரசுக்கும் இடையே ஒரு மதில் எழுப்பியிருக்கிறார்கள் என்றார். பாப்டிஸ்டுகளின் கடிதத்தில் வரும் 'ஸ்டேட்' கனெக்டிகட் மாநிலம். ஜெபர்சனின் பதிலில் திருச்சபையோடு இணைந்து வரும் 'ஸ்டேட்' அரசு. சில மாதங்களில் நடந்த ஒரே கடிதப் போக்குவரத்தில் ஒரே சொல் இரண்டு பொருளில் வருகிறது. இரண்டையும் மாநிலம் என்று எழுதினால், ஜெபர்சன் கனெக்டிகட் மாநிலத்துக்குக் குறுக்கே மதில் கட்டிவிட்டார் என்றாகும். உண்மை நேர்மாறானது. அவர் சுட்டிய அரசியலமைப்பு விதி, அதாவது முதல் திருத்தம், அன்று நடுவண் நாடாளுமன்றத்தை மட்டுமே கட்டுப்படுத்தியது. மாநிலங்களை அது தொடவில்லை. கனெக்டிகட்டில் அந்த ஏற்பாடு 1818-இல் புதிய மாநில அரசியலமைப்பு வந்தபோதுதான் முடிந்தது. மாசசூசெட்ஸில் 1833 வரை நீடித்தது. ஒரு சொல்லைத் தவறாகப் போட்டதால் அந்த மக்கள் காத்திருந்த ஆண்டுகள் அத்தனையும் தமிழில் காணாமல் போகின்றன.

'தேவாலயம்' என்று எழுதுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த மதிலைச் சமயத்தின் மீது வெறுப்புக் கொண்டவர்கள் கேட்டது போன்ற தோற்றத்தை அது தருகிறது. கேட்டவர்களே ஒரு திருச்சபையினர். இந்த மதிலை ஜெபர்சனுக்கு முன்பே பேசியவர் ரோஜர் வில்லியம்ஸ் என்ற போதகர். மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1635-இல் அவரை நாடுகடத்தத் தீர்ப்பளித்தது, 1636-இல் அவர் பிராவிடன்ஸ் நகரை நிறுவினார். திருச்சபை என்னும் தோட்டத்துக்கும் உலகம் என்னும் காட்டுக்கும் நடுவே வேலி வேண்டும் என்று 1644-இல் எழுதினார். அவர் கவலையெல்லாம் தோட்டத்தைப் பற்றியது. அரசின் கை பட்டால் சமயம் கெடும் என்று நம்பியவர் அவர்.

இதே மொழிபெயர்ப்பாளர்கள் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் இன்னொரு சொல் 'மத சகிப்புத்தன்மை'. 'டாலரேஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் பெயர்ப்பு இது. அதன் மூலமான லத்தீன் வினைக்குச் சுமத்தல், தாங்குதல் என்று பொருள். ஆகவே சகிப்பு என்பது நேர்ப்பெயர்ப்புதான். வடசொல் வேண்டாம் என்பவர்கள் 'சமயப்பொறை' என்பார்கள். தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் இங்கே சொல்லின் பிறப்பு சிக்கல் அல்ல. பொறை என்பது எதைப் பொறுப்பது? "தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை" என்கிறது குறள். தீங்கு செய்தவரைப் பொறுத்துக்கொள்வது பொறை. அடுத்த வீட்டுக்காரர் வேறு தெய்வத்தைக் கும்பிடுவதால் எனக்கு என்ன தீங்கு? நான் எதைச் சகிக்க வேண்டும்? எல்லா இடத்திலும் இந்தச் சொல்லைப் போடும்போது, பெரும்பான்மையினர் ஏதோ துன்பத்தைத் தாங்கிக்கொண்டு மற்றவர்களை வாழவிடுகிறார்கள் என்ற எண்ணம் வாக்கியத்துக்குள் புகுந்துவிடுகிறது.

சகிப்பு பொருந்தும் இடமும் உண்டு. 1689-இல் இங்கிலாந்து நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தைச் சகிப்புச் சட்டம் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலிக்கன் திருச்சபையை ஏற்காத புராட்டஸ்டன்ட்டுகளைச் சில தண்டனைகளிலிருந்து அது விடுவித்தது. கத்தோலிக்கர்களுக்கு அந்த விலக்கு இல்லை. அது மேலிருப்பவர் கொடுத்த சலுகை. டான்பரி மக்கள் குறைபட்டதும் இதையேதான்.

1776-இல் வர்ஜீனியாவின் உரிமை அறிக்கையை வரைந்தபோது ஜார்ஜ் மேசன் முழுமையான சகிப்பு என்ற பொருளில்தான் எழுதினார். அப்போது 25 வயதான, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மேடிசன் அந்தச் சொல் போதாது என்று, சமயத்தைத் தடையின்றிப் பின்பற்ற எல்லோருக்கும் சம உரிமை என்று திருத்த வைத்தார். 1790-இல் நியூபோர்ட் நகர யூதச் சபையினருக்கு எழுதிய கடிதத்தில் ஜார்ஜ் வாஷிங்டனும், ஒரு பிரிவினரின் தயவால் இன்னொரு பிரிவினர் தம் இயற்கை உரிமைகளை அனுபவிப்பது போலச் சகிப்பைப் பற்றிப் பேசும் காலம் போய்விட்டது என்றார். இந்த வரலாற்றைத் தமிழில் சொல்ல வரும் ஒருவர் மேசனுக்கும் சகிப்புத்தன்மை, மேடிசனுக்கும் சகிப்புத்தன்மை என்று எழுதினால் மேடிசன் எதைத் திருத்தினார் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்? மேசனுக்குச் சகிப்பு, மேடிசனுக்குச் சமய உரிமை என்று எழுதினால் எல்லாம் விளங்கும்.

எல்லாவற்றுக்கும் 'மதச்சார்பின்மை' போதுமே என்பார்கள். போதாது. இந்தியாவின் மதச்சார்பின்மை அமெரிக்க மதில் அல்ல. நம் அரசியலமைப்பின் 290அ பிரிவைப் படித்தால் போதும். திருவாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கேரளம் ஆண்டுதோறும் 46.5 லட்சம் ரூபாய் தர வேண்டும். 1956-இல் திருவாங்கூர்-கொச்சியிலிருந்து நம்மோடு இணைந்த பகுதிகளின் கோயில்களுக்காகத் தமிழ்நாடு 13.5 லட்சம் தர வேண்டும். அரசு எல்லாச் சமயங்களையும் ஒப்ப நடத்த வேண்டும் என்பது இங்குள்ள வழி, ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள வழி. இங்கிலாந்திலோ இன்றும் 26 ஆயர்கள் பிரபுக்கள் அவையில் அமர்கிறார்கள். ஆனாலும் அங்கே எவரும் எந்தச் சமயத்தையும் பின்பற்றலாம். மூன்று நாட்டு ஏற்பாடுகளுக்கும் ஒரே சொல்லைச் சூட்டுவது சோம்பல்.

மூன்றாவது சொல் 'பிரிவினை'. தமிழ்க் காதில் அது நாட்டுப் பிரிவினை, பாகப்பிரிவினை, பிரிவினைவாதம். கேட்டவுடன் சண்டையும் இழப்பும் மனத்தில் எழும். ஈழத்தமிழர்கள் சட்டமியற்றல், நிர்வாகம், நீதி ஆகியவற்றைத் தனித்தனியே வைப்பதை 'வலுவேறாக்கம்' என்கிறார்கள். அருமையான ஆக்கம். ஒன்றோடொன்று கலவாமல் வேறாக வைத்தல் என்ற பொருள் அதில் அப்படியே இருக்கிறது. அதைப் பின்பற்றி, பொதுவான கோட்பாட்டைச் சொல்லும்போது 'அரசு–சமய வேறாக்கம்' என்று எழுதலாம். ஜெபர்சன் காலத்து வரலாற்றைச் சொல்லும்போது 'திருச்சபை–அரசு வேறாக்கம்' என்று எழுதலாம். இரண்டிலும் 'மற்றும்' தேவையில்லை. 'உம்' இருக்கும் மொழியில் எங்கு பார்த்தாலும் 'மற்றும்' எதற்கு என்பது எனக்கு நெடுநாள் ஆற்றாமை.

1791-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தத்தையும் சரிசெய்துவிட வேண்டும். "மதத்தை நிறுவுவது குறித்துச் சட்டம் இயற்றக்கூடாது" என்று எழுதுகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் புதிதாக ஒரு மதம் தொடங்க நினைத்தது போலவும், அதைத் தடுத்தது போலவும் இருக்கிறது. அங்கே தடுக்கப்படுவது, இருக்கும் சமயம் ஒன்றுக்கு அரசின் அரியணையைக் கொடுப்பது. ஆகவே இப்படி எழுதலாம்: "எந்தச் சமயத்தையும் அரசுச் சமயமாக்கும் வகையிலோ, எவரும் தம் சமயத்தைத் தடையின்றிப் பின்பற்றுவதைத் தடுக்கும் வகையிலோ நாடாளுமன்றம் சட்டம் இயற்றக்கூடாது."