கார்பேஜ் கலெக்‌ஷன் – நினைவக மீட்பு

புரோகிராம் எழுதுகிறவர்கள் ‘ஜிசி’ என்று சுருக்கிச் சொல்வது கார்பேஜ் கலெக்‌ஷனைத்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு புரோகிராம் கணினியிடம் நினைவகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டே இருக்கும். வாங்கியதில் சில பகுதிகளை இனி அந்தப் புரோகிராமால் எந்த வழியிலும் எட்ட முடியாது என்று ஆனபிறகு, அவற்றைத் தானே கண்டுபிடித்து மறுபடி உபயோகத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு இது. பைத்தான், ஜாவா, ஆர் போன்ற கணினி மொழிகளில் உண்டு. சி மொழியில் கிடையாது. வாங்கியதை நாமே திருப்பித் தர வேண்டும்.

தமிழில் ‘குப்பை சேகரிப்பு’ என்று எழுதிவிடுகிறோம். சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் அந்தப் பெயரை நம்பி ஒரு ராத்திரி வேலையை நான் இழந்திருக்கிறேன்.

தொற்றுநோய் பரவலைக் காட்டும் சிமுலேஷன் அது; நிஜத்தில் நடப்பதைக் கணினிக்குள் நடத்திப் பார்ப்பது. 10,000 பேர், 365 நாட்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் எண், எண்ணுக்கு 8 பைட். ஒரு ஓட்டத்துக்கு 29.2 எம்பி ஆகிறது. அதையே வேறு வேறு தற்செயல் எண்களோடு 1,000 தடவை ஓட்ட வேண்டும். எனக்குத் தேவை கடைசி நாள் நிலவரம் மட்டும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் 365ஆவது நாளுக்குரிய வரிசையை எடுத்து ஒரு பட்டியலில் சேர்த்தேன். மீதி 364 நாட்களும் குப்பை, ஜிசி பார்த்துக்கொள்ளும் என்று படுக்கப் போய்விட்டேன். காலையில் திரையில் ‘கில்டு’ (புரோகிராம் கொல்லப்பட்டது) என்று ஒரே ஒரு சொல். 16 ஜிபி நினைவகம் முழுவதும் தீர்ந்து, பாதி ஓட்டங்கள்கூட முடியாமல் எல்லாம் நின்றிருந்தது.

காரணம் இதுதான். பைத்தானில் எண் கணக்குகளுக்கு உதவும் நம்பை நூலகத்தில், ஓர் அணியிலிருந்து (எண்களை வரிசை வரிசையாக அடுக்கிய அட்டவணையிலிருந்து) ஒரு வரிசையை இப்படி வெட்டி எடுத்தால் நகல் உருவாவதில்லை. மூல அணியைப் பார்க்கும் ஜன்னல் ஒன்றுதான் கிடைக்கும். ஜன்னல் இருக்கிறவரை வீட்டை இடிக்க முடியாது, இல்லையா? நான் சேர்த்துவைத்த ஒவ்வொரு வரிசையும் தன் பின்னால் 29.2 எம்பியையும் பிடித்துக்கொண்டிருந்தது. என் கணக்கில் குப்பை; கணினியின் கணக்கில் ஒருவர் கையில் இருக்கும் பொருள். இந்த வேறுபாட்டை ‘குப்பை’ என்ற சொல் மறைத்துவிடுகிறது. நமக்கு வேண்டாதது குப்பை என்றுதான் நாம் நினைப்போம். கணினிக்கோ, யாராலும் எட்ட முடியாதது மட்டுமே குப்பை.

சரி, இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? கணினி அறிஞர் ஜான் மெக்கார்த்தி அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் லிஸ்ப் என்ற கணினி மொழியை உருவாக்கியபோது பிறந்த முறை இது. ஐபிஎம் 704 கணினியில் அவர் செய்தது: காலி இடங்களின் பட்டியல் தீர்ந்ததும், புரோகிராம் நேரடியாகப் பிடித்திருக்கும் இடங்களில் தொடங்கி, அங்கிருந்து எட்டக்கூடிய எல்லாவற்றையும் தொடர்ந்துபோய், ஒவ்வொன்றின் கூட்டல் கழித்தல் குறியை மாற்றி அடையாளம் வைப்பது. அப்புறம் நினைவகம் முழுவதையும் ஒருமுறை வரிசையாகப் பார்த்து, அடையாளம் இல்லாததைக் காலிப் பட்டியலில் சேர்ப்பது. இதற்கு அன்று சில நொடிகள் பிடித்தன. 1960இல் வெளியான அவருடைய கட்டுரையில் ‘கார்பேஜ்’ என்ற சொல்லே இல்லை. ‘மீட்பு’ என்ற பொருள் தரும் ‘ரெக்லமேஷன்’தான் இருக்கிறது. தங்களுக்குள் கார்பேஜ் கலெக்‌ஷன் என்றே பேசிக்கொண்டதாகவும், கட்டுரையில் எழுதத் துணிவு வரவில்லை போலும் என்றும் பல ஆண்டுகள் கழித்து ஓர் அடிக்குறிப்பில் அவரே சொல்லியிருக்கிறார்.

ஆங்கில கார்பேஜுக்கும் ஒரு கதை உண்டு. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது கோழியின் தலை, கால், ஈரல், குடல் போன்றவற்றைக் குறித்தது. தூக்கிப் போட அல்ல, சமைக்க! எறியப்படும் பொருள் என்ற அர்த்தம் பிற்பாடுதான் ஏறியது. நம் ‘குப்பை’யும் அப்படியே. பழந்தமிழில் அது வெறும் குவியல். நெல் குவியலும் குப்பைதான். சிவகங்கை மாவட்டத்து நெற்குப்பை என்ற ஊர்ப் பெயரில் அந்தப் பொருள் இன்னும் காதில் விழுகிறது.

ஆக, தமிழில் எதை வைக்கலாம்? நான் ‘நினைவக மீட்பு’ என்பேன். அடகு வைத்த நகையை மீட்கிறோம் அல்லவா, அதே மீட்பு. இடம் நம்முடையது, கொஞ்ச காலம் ஒருவர் கையில் இருந்தது, திரும்ப வந்தது. கையில் வைத்திருப்பவர் விடாமல் மீட்க முடியாது என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. மெக்கார்த்தி முதலில் அச்சில் எழுதிய சொல்லுக்கும் இதுவே நேர்.

மெக்கார்த்தி முறைக்கு இன்று ‘மார்க் அண்ட் ஸ்வீப்’ என்று பெயர். இதைக் ‘குறியிட்டுக் கூட்டல்’ எனலாம். வாசல் கூட்டுவதும் கணக்கில் கூட்டுவதும் நமக்கு ஒரே சொல்; இங்கே தூசியைக் கூட்டுவதும் காலிப் பட்டியலோடு கூட்டுவதும் ஒரே வேலையாக நடக்கிறது. இவ்வளவு கச்சிதமாக ஆங்கிலச் சொல் உட்காரவில்லை என்பது என் எண்ணம்.

1960இலேயே ஜார்ஜ் காலின்ஸ் இன்னொரு வழி சொன்னார். ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வருவது, எண்ணிக்கை பூஜ்யமானதும் உடனே மீட்பது. ‘பிடி எண்ணிக்கை’ என்று சொல்லலாம். வழக்கமான பைத்தான் முதலில் நம்புவது இதைத்தான். இதற்கு ஒரு பலவீனம் உண்டு: இரண்டு பொருட்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் எண்ணிக்கை பூஜ்யமே ஆகாது. சிமுலேஷனில் இது சாதாரணமாக நடக்கும். ஊர் என்ற பொருளில் ஆட்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு ஆளிடமும் ‘என் ஊர் இது’ என்று ஒரு சுட்டு இருக்கும். ஓட்டம் முடிந்து ஊரை நாம் கைவிட்டாலும் ஊரும் ஆட்களும் கைகோத்தபடி நிற்பார்கள். இந்த வளையங்களைத் தேடி அவிழ்க்கவே பைத்தானில் தனியாக ஒரு மீட்பு இருக்கிறது. அது தன் நேரத்தில்தான் வரும். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் ‘ஜிசி.கலெக்ட்’ என்று நாமே கூப்பிடலாம். அதுவும் போதவில்லை என்றால் ஒவ்வொரு ஓட்டத்தையும் தனிப் பிராசஸாக, அதாவது தனியாக இயங்கும் ஒரு புரோகிராமாக, ஓட்டுவது நல்லது. பிராசஸ் முடிந்ததும் அதன் நினைவகம் முழுவதையும் இயங்குதளம் வாங்கிக்கொள்ளும்.

என் விஷயத்தில் அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. வரிசையைப் பட்டியலில் போடும் இடத்தில் ‘.காப்பி’ என்று ஒரு சொல் சேர்த்தேன். ஓட்டத்துக்கு 80,000 பைட் மட்டும் மிஞ்சியது. 1,000 ஓட்டங்களும் முடிந்தபோது பட்டியலின் மொத்த அளவு 80 எம்பி.