வெருகலுக்கு வெள்ளம் வருமா? பதில் பீடிஎஃப்புக்குள் கிடக்கிறது

மகாவலி பெருகும்போது திருகோணமலை மாவட்டத்து வெருகல், மூதூர், சேருவில, கிண்ணியா பக்கத்தவர் முதலில் பார்க்கவேண்டியது பொலன்னறுவை மாவட்டத்து மனம்பிட்டி நீர்மானியின் அளவை. அங்கே கடந்த தண்ணீர்தான் பிறகு இந்தப் பக்கம் இறங்குகிறது. நீர்ப்பாசனத் திணைக்களம் எடுக்கும் அளவுகளை அனர்த்த முகாமைத்துவ நிலையம் தன் இணையத்தளத்தில் அறிக்கையாகப் போடுகிறது. ஒளிவுமறைவு எதுவும் இல்லை, ஆனால் போடுவது பீடிஎஃப்பாக.

நம் கண்ணுக்கு அது அட்டவணை. பெரும்பாலான பீடிஎஃப் கோப்புகளில் கணினிக்கு நிரலும் தெரியாது, நிரையும் தெரியாது. தாளில் இந்த இடத்தில் இந்த எண்ணை அச்சிடு என்ற கட்டளைகள் மட்டுமே உள்ளே இருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்கும் மென்பொருள், எண்கள் நிற்கும் இடத்தை வைத்து நிரல்களை ஊகிக்கிறது. ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் பக்கத்து எண் நகர்ந்து உட்கார்ந்துவிடும். 9 மணி அளவு 6 மணிக்குரியதாகிவிடும். ஸ்கேன் பண்ணிய தாள் என்றால் இன்னும் மோசம், புள்ளி விழுந்து 4.05 என்பது 405 ஆகும். அலகையும் தனி நிரலாக வைத்திருக்கவேண்டும். கொழும்பு நாகலகம் வீதி மானி அடியில் அளக்கிறது, மனம்பிட்டி மீற்றரில். 1 மீற்றர் 3.28 அடி என்பதால், அலகு மாறினால் எச்சரிக்கை மட்டம் மூன்று மடங்குக்கு மேல் பிழைக்கும். முந்தைய அளவோடு ஒப்பிட்டு, திடீரென்று எகிறும் எண்ணைத் தானாகச் சிவப்பாக்கும் ஒரு வரிக் கணினிக் கட்டளை இவற்றில் பலதைப் பிடித்துவிடும். இதே எண்களை, நிரல்களைக் காற்புள்ளியால் பிரித்துவைக்கும் சீஎஸ்வி கோப்பாகவும் போட்டால் இந்தப் பாடே இல்லை.

நீர்மட்டம் தெரிந்தபின் அடுத்த கேள்வி, எந்தக் கிராமத்தில் எத்தனை குடும்பம்? திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், 230 கிராம அலுவலர் பிரிவுகள். குடும்ப விவரம் ஓரிடத்தில், இடைத்தங்கலுக்கு உதவும் பாடசாலைகளின் பட்டியல் இன்னோரிடத்தில், வரைபடம் வேறோர் அலுவலகத்தில். இவற்றைச் சேர்க்க எல்லா அட்டவணையிலும் ஒரே மாதிரி இருக்கும் ஒரு நிரல் வேண்டும்.

இடப்பெயர் அதற்கு உதவாது. இன்று வெருகல் என்று வரும் பிரிவு பழைய பதிவுகளில் ஈச்சிலம்பற்று. பட்டணமும் சூழலும் என்பதைச் சிலர் நகரமும் சூழலும் என்று எழுதுவார்கள். எழுத்துப் பிழையே இல்லாத இடத்திலும் சிக்கல் உண்டு. திருகோணமலை என்பதில் உள்ள ‘கோ’வின் உயிர்க்குறியை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக்கொம்பும் அரவுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வேறுபாடு தெரியாது. கணினிக்கோ இரண்டும் வெவ்வேறு ஊர்கள். ஒப்பிடுமுன், இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தைச் செய்தால் இது தீரும். ஆனாலும் பெயரை நம்பாமல் கிராம அலுவலர் பிரிவின் 7 இலக்கக் குறியீட்டை வைப்பதே சரி. முதல் இலக்கம் மாகாணம், இரண்டாவது மாவட்டம், அடுத்த இரண்டு பிரதேச செயலகம், கடைசி மூன்று கிராம அலுவலர் பிரிவு. நம் மாவட்டத்துக் குறியீடுகள் எல்லாம் 53 என்றே தொடங்கும்.

பழைய கோப்புகளில் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துரு இருக்கிறது. பாமினியில் தட்டச்சு செய்தது உண்மையில் ஆங்கில எழுத்துகள். அந்த எழுத்துரு அவற்றைத் தமிழாகக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆகவே தேடினால் எதுவும் அகப்படாது. பாமினியை யூனிகோட்டாக்கும் மாற்றியை ஓடவிடும்போது முழு அட்டவணையையும் போட்டுவிடக்கூடாது, பாமினியில் உள்ள நிரல்களை மட்டும் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் பழைய அடையாள அட்டை எண்ணின் கடைசியில் வரும் ‘வீ’ என்ற ஆங்கில எழுத்து ‘ஏ’ ஆகிவிடும். எக்செல் தன் பங்குக்கு 026 என்ற நம் தொலைபேசிக் குறியீட்டின் முன்பூச்சியத்தை விழுங்கும். குறியீடு, தொலைபேசி நிரல்களை முதலிலேயே ‘எழுத்து’ வகைக்கு மாற்றிவிடுவது நல்லது.

வரைபடத்தில் வரும் பிழை பெரிதாக வரும், அதனால் உடனே தெரியும். திருகோணமலை நகரம் வடக்கு 8.57 பாகை, கிழக்கு 81.23 பாகை. இரண்டையும் இடம்மாற்றினால் புள்ளி ஆர்க்டிக் சமுத்திரத்தில் விழும். இடங்களைப் பாகையில் அல்லாமல் மீற்றரில் குறிக்கும் இலங்கையின் வரைபடக் கட்டங்களில் வேறொரு பொறி. பழைய கண்டவளைக் கட்டம் பிதுருதலாகலை மலைக்கு 200000, 200000 என்ற எண்களைத் தருகிறது; 1999 கட்டம் 500000, 500000 தருகிறது. 1999 கட்டத்துக் கோப்பைக் கட்டத்தின் பெயரைக் குறிக்காமல் அனுப்பி, வாங்கியவர் அதைப் பழைய கட்டமென்று எடுத்தால் மூதூர்ப் பாடசாலை கிழக்கே 300 கிலோமீற்றரும் வடக்கே 300 கிலோமீற்றரும் தள்ளி வங்காள விரிகுடாவில் நிற்கும்.

எல்லாவற்றையும் திறந்துவிடலாமா என்றால், இல்லை. நிவாரணப் பட்டியலில் பெயரை அழித்துவிட்டு அடையாள அட்டை எண்ணை விடுவது பெயரை விட்டதற்குச் சமம். அந்த எண்ணிலிருந்து பிறந்த ஆண்டும் நாளும் தெரியும். நாளைக் குறிக்கும் மூன்று இலக்கங்களோடு பெண்களுக்கு 500 கூட்டப்படுவதால் பாலும் தெரியும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நினைவில் வைத்து, குடும்பங்களின் எண்ணிக்கையை மட்டும் வெளியிடலாம். ஒரு பிரிவில் இரண்டு மூன்று குடும்பங்களே பாதிக்கப்பட்டிருந்தால் அதைப் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துத்தான் காட்டவேண்டும், ஊருக்குள் ஆள் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.

வெளியிடப்படாத எண்ணிக்கைகளைக் கேட்டு வாங்கவும் வழி உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால், தருவதா இல்லையா என்ற முடிவை வழமையாக 14 வேலை நாட்களுக்குள் சொல்லவேண்டும். இலத்திரனியல் வடிவில் கேட்கவும் சட்டம் இடம் தருகிறது. விண்ணப்பத்தில் ‘எக்செல் அல்லது சீஎஸ்வி கோப்பாக, கிராம அலுவலர் பிரிவுக் குறியீட்டோடு’ என்று எழுதுங்கள். அந்த வரி இல்லாவிட்டால் கைக்கு வருவது பெரும்பாலும் போட்டோகொப்பிக் கட்டுத்தான்.