மூட்டைக்கு எத்தனை பதிவு?

வங்கியொன்றின் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த வெள்ளவத்தை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கோபோல் என்ற பழைய நிரல்மொழியில் எழுதிய எங்கள் நிரலில் மூத்தவர் ஒருவர் ஒரு வரியைத்தான் சேர்த்தார். விடிய விடிய ஓடிய வேலை இப்போது சாமத்துக்கு முன்பே முடிகிறது. கணக்கில் ஒரு சதம்கூட மாறவில்லை. எப்படி?"

மாறியது மூட்டையின் அளவு. புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் லொறி நிறையச் சீனி வந்து நிற்கிறது. நாட்டாமை அதை ஒவ்வொரு கிலோவாகக் கடைக்குள் கொண்டுபோனால் என்ன ஆகும்? பாரம் அதேதான், நடைதான் கூடும். கோப்பும் அப்படியே. ஒரு வாடிக்கையாளரின் விவரம் ஒரு பதிவு. பல பதிவுகளைச் சேர்த்துக் கட்டினால் ஒரு பிளொக். பிளொக்கில் 100 பதிவுகள் இருந்தால், நிரல் நூறு தடவை 'ரீட்' என்று கேட்டாலும் முதல் தடவை மட்டுமே சாதனத்துக்குப் போக வேண்டும். மற்ற 99உம் நினைவகத்தில் தயாராக இருக்கும்.

இந்த ஏற்பாட்டின் அருமை காந்த நாடாவில்தான் கண்ணுக்குத் தெரியும். ஓடும் நாடாவைச் சட்டென்று நிறுத்தவோ, நின்றதை உடனே முழு வேகத்துக்குக் கொண்டுவரவோ முடியாது. கொஞ்சம் ஓட்டத்தூரம் வேண்டும். அதற்காகவே இரண்டு பிளொக்குகளுக்கு நடுவே எதுவும் எழுதாத வெற்றிடம் விடுவார்கள். அங்குலத்துக்கு 1600 எழுத்துகள் பதியும் நாடாவில் அது 0.6 அங்குலம். 80 எழுத்துப் பதிவுக்கு 0.05 அங்குலம் போதும். அதாவது தனித்தனியாக எழுதினால் பதிவைப்போல் பன்னிரண்டு மடங்கு வெறும் நாடா! 2400 அடிச் சுருளில் சுமார் 44,000 பதிவுகள்தான் அடங்கும். நூறு நூறாகக் கட்டினால் 5 இலட்சத்துக்கு மேல்.

அந்தக் குட்டி ஓட்டத்தூரம் போதுமானதாக இருந்ததே ஒரு வித்தை. சுருள் கனமானது, சட்டென்று சுழலாது. அதனால் 1952இல் வந்த ஐபிஎம் 726 என்ற நாடாக் கருவியில், சுருளுக்கும் வாசிக்கும் தலைக்கும் இடையே நாடாவை ஒரு குழாய்க்குள் தொட்டில்போல் தளர்வாகத் தொங்கவிட்டு, கீழிருந்து காற்றை உறிஞ்சினார்கள். தலை அந்தத் தளர்விலிருந்து வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். சுருள் ஆறுதலாகச் சுழன்று ஈடுசெய்யும். எனக்கு இதை எத்தனை தடவை நினைத்தாலும் அலுக்காது. (கணினி அறை வாசலில் தேசிக்காயும் மிளகாயும் கட்டுகிறவர்களுக்கு இந்தக் குழாயை ஒருநாள் காட்ட வேண்டும்.)

வன்தட்டில் கதை கொஞ்சம் வேறு. நிமிடத்துக்கு 7200 சுற்றுகள் என்றால் வேண்டிய இடம் தலைக்கடியில் வரச் சராசரி 4 மில்லி செக்கன். ஒவ்வொரு பதிவுக்கும் இப்படிக் காத்திருந்தால் விடிந்துவிடும். சொந்த மடிக்கணினியில் இதெல்லாம் உறைக்காது. இயங்குதளமே கேட்காமல் முன்கூட்டி வாசித்து வைத்துவிடும். பெரிய பிளொக்குக்கும் விலை உண்டு: நினைவகம் கூடுதலாக வேண்டும், அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடும் கோப்பில் ஒரு பதிவுக்காக மூட்டையையே தூக்கிவர வேண்டும்.

சரி, அந்த வரி என்ன? பெரும்பாலும் 'பிளொக் கன்டெய்ன்ஸ் 0 ரெக்கோர்ட்ஸ்'. ஐபிஎம் பெருங்கணினியில் வழக்கமாக இதை எழுதாமல் விட்டால் கோபோல் பதிவுக்கொரு பிளொக் என்றே எடுத்துக்கொள்ளும். பூச்சியம் போட்டால், புதிதாக எழுதும் கோப்புக்கு ஏற்ற அளவை இயங்குதளமே பார்த்துக்கொள்ளும்: ஐபிஎம்மின் 3390 வகை வட்டில் 80 எழுத்துப் பதிவென்றால் பிளொக்குக்கு 349 பதிவுகள். ஏற்கெனவே ஒற்றை ஒற்றையாக எழுதிவைத்த கோப்புகள் இதனால் மாறாது, தம்பி. அவற்றை ஒருமுறை பிரதியெடுத்துத்தான் கட்ட வேண்டும்.