கிசான் பணம் வரவில்லையா? இ-கேஒய்சியை விடுங்கள், மேப்பரைப் பாருங்கள்

2025 நவம்பர் 19 அன்று கோயம்புத்தூரில் விவசாயிகளுக்கான பி.எம். கிசான் உதவித்தொகையின் 21-ஆவது தவணையை விடுவித்தார்கள். அதிலிருந்து எங்கள் வங்கிக் கவுன்டரில் ஒரே கேள்விதான்: “ஊருக்கே ஏறிடுச்சு, எனக்கு மட்டும் ஏன் சார் ஏறல?” ஒரே இ-கேஒய்சியை, அதாவது ஆதார் வழியாக ஆளைச் சரிபார்ப்பதை, மூன்று தடவை, மூன்று தடவையும் காசு கொடுத்துச் செய்துவிட்டு ஒரு பாட்டி வந்து நின்றார். முடிந்த இ-கேஒய்சியைத் திரும்பச் செய்தால் எதுவும் மாறாது, ஐயா!

முதலில் பி.எம். கிசான் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். நில விவரம், இ-கேஒய்சி, ஆதார்-வங்கி இணைப்பு என்று மூன்று வரி வரும். எது ‘நோ’ என்கிறதோ அதற்கு மட்டும் அலையுங்கள். நில விவரம் ‘நோ’ என்றால் வங்கிக்கு வந்து பயனில்லை. பட்டா, ஆதாரோடு வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். 1.2.2019-க்குப் பிறகு கிரயம் வாங்கிய நிலத்துக்கு இந்தப் பணம் கிடையாது. உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு உண்டு.

இனி அந்தப் பெரிய குழப்பம். “மனுவில் எங்க பேங்க் நம்பர்தானே கொடுத்தேன்?” கொடுத்தீர்கள். ஆனால் 2,000 ரூபாய் அந்த எண்ணைத் தேடி வருவதில்லை, ஆதார் எண்ணைத் தேடி வருகிறது. வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் அமைப்பான என்.பி.சி.ஐ. வைத்திருக்கும் ‘மேப்பர்’ என்ற பட்டியலில் உங்கள் ஆதாருக்கு எதிரே ஒரே ஒரு வங்கியின் பெயர் இருக்கும். கணக்கு எண்கூட இருக்காது. கடைசியாக எந்த வங்கிக்கு ஒப்புதல் கொடுத்தீர்களோ அதுதான் அங்கே நிற்கும். சிம் கடையில் கைரேகை வைத்துத் திறந்த பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு, நகைக்கடனுக்காகத் திறந்த கணக்கு எதுவாகவும் இருக்கலாம். எங்கள் கிளையில் ஆதார் நகல் கொடுத்து ‘லிங்க்’ செய்தது வேறு, மானியத்துக்காக மேப்பரில் ஏற்றுவது வேறு. பலருக்குப் பணம் நிற்கவே இல்லை. மறந்துபோன இன்னொரு கணக்கில் தவணை தவணையாகக் கிடக்கிறது.

மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு உள்ளே போனால் எந்த வங்கி, செயலில் இருக்கிறதா என்று காட்டும். அதே வங்கிதான் வேண்டுமென்றால் அங்கே பாஸ்புக் போட்டுப் பாருங்கள். மாற்ற வேண்டுமென்றால் புது வங்கியில் ஆதார் ஒப்புதல் படிவம் கொடுங்கள். பழைய வங்கியின் பெயர் கேட்கும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், அதனால் படிவம் திரும்பி வரலாம். ஒரு வாரம் கழித்து மறுபடி சரிபாருங்கள். தவணைக்கு முதல் நாள் ஓடி வந்தால் எங்களால் ஒன்றும் ஆகாது.

அப்பா இறந்துவிட்டாரா? அவர் பேரில் வரும் பணத்தை ஏ.டி.எம்.மில் எடுக்காதீர்கள். வேளாண் அலுவலரிடம் சொல்லி நிறுத்திவிட்டு, பட்டா மாற்றி, உங்கள் பேரில் பதியுங்கள்.

“நான் வாங்கித் தர்றேன்” என்று வரும் தரகரை வாசலோடு அனுப்புங்கள். 2020-இல் தகுதியில்லாதவர்கள் பெயரைச் சேர்த்துவிட்ட கதை தமிழ்நாட்டில் ரூ.100 கோடியைத் தாண்டியது. பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னது கணக்குக்காரர்களிடம்தான்.

தயவுசெய்து வாட்ஸ்அப்பில் ‘பி.எம். கிசான்’ என்று வரும் ஏ.பி.கே. ஃபைலை, அதாவது போனில் செயலியை ஏற்றும் ஃபைலை, தொடாதீர்கள். அது உங்கள் ஓ.டி.பி.யைப் படித்துவிடும். தொட்டுவிட்டால் உடனே நெட்டை அணையுங்கள், பணம் போயிருந்தால் வேறு போனிலிருந்து 1930-ஐக் கூப்பிடுங்கள். எங்களிடம் வருவது அதற்குப் பிறகு.