"நாளைக்கு குடுத்துக்கலாம்"னு கிளம்பிப் போயிடாதீங்க

ஸ்போர்ட்ஸ் மெடிசின் டாக்டரா இருக்கிறதால பசங்க கிட்ட நான் அடிக்கடி கேக்கிற டயலாக் இது: "சார், ஊக்கமருந்து டெஸ்ட்டை மூணு தடவை மிஸ் பண்ணாதானே சார் தடை, ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" கோச்சுங்களே சில பேர் இப்படித்தான் நம்பிட்டு இருக்காங்க. இது பாதி உண்மை, மீதி பாதி தெரியாம இருந்தா கரியரே காலி. அந்த மீதி பாதியை சொல்றதுக்கு இங்கிலாந்து ஃபுட்பால் வீரர் ரியோ ஃபெர்டினாண்ட் கதையை விட நல்ல உதாரணம் கிடையாது.

இப்ப இருக்கிற பசங்களுக்கு அவரை டிவியில பேசுறவராத்தான் தெரியும். 2002ல லீட்ஸ்ல இருந்து மான்செஸ்டர் யுனைடெட் கிட்டத்தட்ட 30 மில்லியன் பவுண்ட் குடுத்து வாங்கினப்ப உலகத்துலயே காஸ்ட்லியான டிஃபெண்டர் அவர்தான். 2003 செப்டம்பர் 23, கேரிங்டன் டிரெய்னிங் கிரவுண்ட்ல பிராக்டிஸ் நடக்குது, டெஸ்ட் எடுக்கிறவங்க வந்திருக்காங்க, இன்னிக்கு சாம்பிள் குடுக்கணும்னு அவருக்கும் சொல்லியாச்சு. பிராக்டிஸ் முடிஞ்சதும் மனுஷன் குளிச்சிட்டு கிளம்பிப் போயிட்டார். வீடு மாத்துற டென்ஷன்ல மறந்துட்டேன்னார், நேரா டவுனுக்கு ஷாப்பிங் போயிருக்கார். ஞாபகம் வந்து, திரும்ப வர்றேன்னு சொல்றதுக்குள்ள டெஸ்ட் டீம் மூட்டை கட்டிட்டு போயாச்சு. ரெண்டு நாள் கழிச்சு சாம்பிள் குடுத்தார், அது கிளீன்.

இந்த இடத்துலதான் எல்லாருக்கும் கோவம் வரும். அதான் கிளீன்னு வந்துடுச்சே, அப்புறம் என்ன? இங்கிலாந்து டீம்ல இருந்த பிளேயர்களுக்கும் இதே கோவம்தான். துருக்கியோட யூரோ தகுதி மேட்சுக்கு எஃப்.ஏ. (இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம்) அவரை எடுக்கலைன்னதும், கேரி நெவில் முன்னாடி நிக்க, நாங்க இஸ்தான்புல்லுக்கே போக மாட்டோம்னு மிரட்டுற அளவுக்குப் போச்சு. கடைசில போனாங்க, 0-0 டிரா பண்ணி தகுதியும் ஆனாங்க. டிசம்பர்ல விசாரணை, தீர்ப்பு 8 மாசம் தடை, 50,000 பவுண்ட் அபராதம். 2004 ஜனவரி 20ல இருந்து தடை, அப்பீலும் எடுபடலை. யூரோ 2004 போச்சு. யுனைடெட் அந்த சீசன் மூணாவதா முடிச்சது, ஆர்சனல் ஒரு மேட்ச் கூட தோக்காம கப் அடிச்சது (தடை இல்லைன்னாலும் அந்த ஆர்சனலை புடிச்சிருக்க முடியுமான்னு கேட்டா, எனக்கு சந்தேகம்தான்).

நான் தீர்ப்பு பக்கம்தான். அவர் மருந்து எதுவும் எடுத்திருப்பார்னு நான் நினைக்கல, அது வேற விஷயம். ராத்திரி போலீஸ் ஊதச் சொன்னப்ப ஊதாம வண்டியை எடுத்துட்டுப் போயிட்டு, நாளன்னிக்கு காலைல ஸ்டேஷனுக்கு வந்து "இப்ப ஊதுறேன் சார், பாத்துக்கங்க"ன்னா யாராச்சும் ஒத்துக்குவாங்களா? உடம்புக்குள்ள நடக்கிறதும் இதேதான். ஊக்கமருந்து எல்லாம் மாசக்கணக்கா உடம்புல தங்கும்னு ஒரு நினைப்பு இருக்கு, சிலது தங்கும், ஆனா ஈபிஓ (ரத்தத்துல சிவப்பணுவை கூட்டுற ஊசி) மாதிரி சிலதை சின்னச் சின்ன டோஸா பிரிச்சு ராத்திரி போட்டா காலைலயே டெஸ்ட்ல மாட்டாம போறதுக்கு வாய்ப்பு இருக்கு. ஜெல் மாதிரி தடவுற டெஸ்டோஸ்டிரோன்லயும் இந்த தில்லாலங்கடி உண்டு. தப்பு பண்றவனுக்கு தேவையே சில மணி நேரம்தான். அதனாலதான் முன்னாடியே சொல்லாம வர்றாங்க, சொன்ன நிமிஷத்துல இருந்து ஆளை கண்ணுல இருந்து விடாம பாத்துக்கிறாங்க. ரெண்டு நாள் கழிச்சு வர்ற கிளீன் ரிசல்ட், அந்த ரெண்டு நாள் முன்னாடி என்ன இருந்துச்சுன்னு எதுவும் சொல்லாது. மறதிக்காரனும் திருடனும் வெளியில இருந்து பாத்தா ஒரே மாதிரிதான் தெரிவாங்க, பிரிச்சு சொல்ற மெஷின் இன்னும் வரல.

ஒரே ஒரு விஷயம் அவருக்காக பேசலாம். அதே காலகட்டத்துல மான்செஸ்டர் சிட்டியோட கிறிஸ்டியன் நெகுவாயும் ஒரு டெஸ்ட்டை மிஸ் பண்ணார், அவருக்கு வெறும் 2,000 பவுண்ட் அபராதம். இவருக்கு 8 மாசம். ஸ்டார்ங்கறதால போட்டு தீட்டிட்டாங்கன்னு அப்பவே பேச்சு. அந்த கம்ப்ளைன்ட்ல நியாயம் இருக்கு, ஆனா தப்பா போனது 2,000 பவுண்ட்தான், 8 மாசம் இல்ல.

சரி, அந்த "மூணு தடவை" எங்கிருந்து வந்துச்சு? அது வேறஅபவுட்ஸ் ரூல். பெரிய லெவல் வீரர்கள் தினமும் ஒரு மணி நேரம் நான் இன்ன இடத்துல இருப்பேன்னு முன்கூட்டியே ஆன்லைன்ல போட்டு வைக்கணும், அந்த நேரத்துல டெஸ்டர் வந்து ஆள் இல்லைன்னா ஒரு ஸ்ட்ரைக், விவரத்தையே சரியா போடலைன்னாலும் ஸ்ட்ரைக், 12 மாசத்துக்குள்ள மூணு சேந்தா தடை. ஆந்த்ரே ரஸ்ஸல் மாட்டினது இதுலதான். 2015ல மூணு தடவை விவரம் குடுக்காம விட்டதுக்கு 2017 ஜனவரி கடைசில ஒரு வருஷம் தடை, அந்த வருஷ ஐபிஎல் முழுக்க கொல்கத்தாவுக்கு அவர் இல்ல. 100 மீட்டர் உலக சாம்பியன் கிறிஸ்டியன் கோல்மன் கதை இன்னும் பாவம், 2019 டிசம்பர்ல அவர் சொன்ன நேரத்துல வீட்டுல இல்ல, பக்கத்துல கிறிஸ்துமஸ் ஷாப்பிங் போயிருந்தார், அது மூணாவது ஸ்ட்ரைக். ஏன் எனக்கு ஒரு போன் பண்ணல்லன்னு கேட்டார், போன் பண்ணியே ஆகணும்னு ரூல் இல்ல. 2 வருஷத் தடை 18 மாசமா குறைஞ்சுதே தவிர டோக்கியோ ஒலிம்பிக் போயிடுச்சு.

இதெல்லாம் ஆளே கைல கிடைக்காத கேஸ். ஃபெர்டினாண்ட் கேஸ் அப்படி இல்ல. அவர்கிட்ட சொல்லியாச்சு. சொன்னதுக்கப்புறம் போனா அங்க மூணு சான்ஸ் எல்லாம் கிடையாது, முதல் தடவையே விதிமீறல்தான். இப்ப இருக்கிற ரூல்படி 4 வருஷம், வேணும்னே போகலைன்னு நிரூபிச்சா 2 வருஷம். இன்னிக்கு அவர் இதே தப்பு பண்ணியிருந்தா 8 மாசத்துல வெளிய வந்திருக்க முடியாது.

நம்ம ஊர்ல மறதியை விட ஓட்டம்தான் ஜாஸ்தி, அதையும் சொல்லணும். 2023 செப்டம்பர்ல டெல்லி மாநில தடகளப் போட்டியில நாடா (தேசிய ஊக்கமருந்து தடுப்பு அமைப்பு) ஆளுங்க வந்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஆண்கள் 100 மீட்டர் ஃபைனல்ல ஒரே ஒருத்தர்தான் ஓடினார், ஒரு பொண்ணு ஃபினிஷ் லைன் தாண்டியும் நிக்காம ஓடிட்டே இருந்துச்சுன்னு பேப்பர்ல வந்துச்சு. அவங்களுக்கு எழுதுறதுல பிரயோஜனம் இல்ல. எதுவும் எடுக்காத பையன், கோச் பேச்சைக் கேட்டு கிளம்பிப் போறான் பாருங்க, அவனுக்குத்தான் இது.

அவன் ஏன் போறான்னா பெரும்பாலும் ஒண்ணுக்கு வராததாலதான். நிஜமா. வெயில்ல ரெண்டு மணி நேரம் ஓடி வேர்வையில எல்லாம் போயிருக்கும், உள்ள ஒருத்தர் பக்கத்துல நின்னு பாத்துட்டு இருப்பார், பாக்கிறதுன்னா சும்மா இல்ல, சட்டையை நெஞ்சு வரைக்கும் தூக்கி, டிரவுசரை முட்டிக்கு இறக்கி, கண்ணு முன்னாடி கப்ல பிடிக்கணும். குறைஞ்சது 90 மில்லி வேணும். பதினேழு வயசுப் பையன் கூச்சத்துல 30 மில்லியோட நின்னுடுவான். வெளிய பஸ் ஹாரன் அடிக்கும், டீம் மேனேஜர் எட்டிப் பாத்து "டேய் எவ்ளோ நேரம்டா, வாடா, நாளைக்கு குடுத்துக்கலாம்"பார். பையன் பெரியவங்க சொல்றாங்களேன்னு பஸ் ஏறிடுவான். மேனேஜர் பேர் எந்த தீர்ப்புலயும் வராது, பையன் பேருதான் வரும்.

தம்பி, பஸ் போனா போகட்டும். வந்த 30 மில்லியை தற்காலிகமா சீல் பண்ணி வைப்பாங்க, அடுத்து வர்றதை அதோட சேப்பாங்க, எத்தனை மணி நேரம் ஆனாலும் உக்காரு. சீக்கிரம் முடியணும்னு லிட்டர் கணக்கா தண்ணி குடிக்காத, யூரின் ரொம்ப தண்ணியா இருந்தா அதுவும் செல்லாது, திரும்ப முதல்ல இருந்து. குடிக்கிறது சீல் உடைக்காத பாட்டிலா இருக்கட்டும், உன் கையால திற. பரிசு வாங்கணுமா, அடிபட்ட இடத்துக்கு கட்டு போடணுமா, ஐடி கார்டு எடுக்கணுமா, எல்லாத்துக்கும் கேட்டுட்டு போகலாம், கூட ஒரு ஆள் வருவார் அவ்வளவுதான். பதினெட்டு வயசு ஆகலைன்னா பெரியவங்க ஒருத்தரை கூட வெச்சுக்க உனக்கு உரிமை இருக்கு.

வந்த ஆள் மேலயோ கிட் மேலயோ சந்தேகமா? அப்பவும் சாம்பிள் குடு, சந்தேகத்தை ஃபார்ம்ல எழுது. மல்யுத்த வீரர் பஜ்ரங் புனியா 2024 மார்ச்ல சோனிபட் டிரையல்ஸ்ல, முன்னாடி ஒரு தடவை காலாவதியான கிட் அனுப்பின விவகாரத்துக்கு பதில் சொல்லுங்கன்னு சாம்பிள் குடுக்கல, நவம்பர்ல நாடா குழு 4 வருஷம் தடை போட்டுச்சு. அவர் கேட்ட கேள்வி சரியா தப்பான்னு நான் இங்க வாதாட வரல. ஃபார்ம்லயே அதுக்குன்னு இடம் இருக்கு, கடந்த ஏழு நாள்ல எடுத்த மாத்திரை, இருமல் டானிக், புரோட்டீன் பவுடர் எல்லாம் எழுதுற இடமும் அதுலதான், ஒண்ணு விடாம எழுதிட்டு கையெழுத்து போடு. காப்பி ஒண்ணு உன் கைல குடுப்பாங்க, அதை போன்ல போட்டோ எடுத்து வீட்டுக்கும் அனுப்பி வெச்சுடு, கேஸ்னு எங்கிட்ட வர்ற பசங்கள்ல பாதி பேர் அந்த காப்பியை தொலைச்சுட்டுத்தான் வர்றாங்க.