61 நாள் தடை, 2 நாள் சீசன்: சங்கரா மீனுக்கு எப்படி கணக்கு போடுறாங்க?

திருவொற்றியூர்ல இருந்து ஒரு தம்பி, ஃபைபர் போட்டுல போறவரு, போன வாரம் ஒரு கேள்வி அனுப்பிருந்தாரு. "அண்ணா, நமக்கு வருஷத்துல 61 நாள் லாஞ்சு போகக்கூடாது. அமெரிக்காவுல ஒரு பக்கம் சங்கரா புடிக்க வருஷத்துக்கே 2 நாள்தான் விடுறாங்கன்னு ஒரு வீடியோ பார்த்தேன், உண்மையா? ஆனா அதே வீடியோல ஆளாளுக்கு கை கொள்ளாத மீனோட நிக்கிறாங்க. மீன் இவ்ளோ இருந்தா எதுக்கு 2 நாள்?"

உண்மைதான் தம்பி. ஃப்ளோரிடா, ஜார்ஜியா, கரோலினா பக்கம் அட்லாண்டிக் கடல்ல தூண்டில் போடுற பொதுமக்களுக்கு 2025ல ஜூலை 11, 12 ரெண்டே நாள்தான் குடுத்தாங்க, அதுக்கு முந்தின வருஷம் ஒரே ஒரு நாள். அந்த மீன் பேரு ரெட் ஸ்நாப்பர், நம்ம சங்கராவுக்கு பெரியப்பா பையன் முறை, குடும்பம் ஒண்ணு, இனம் வேற. மீன் அவ்ளோ இருந்தும் ஏன் 2 நாள்னு நீங்க கேட்டதுதான் முக்கியமான விஷயம், அதுக்கு வர்றதுக்கு முன்னாடி வேற ஒண்ணு சொல்லியாகணும்.

நம்ம தடைக்காலம் உங்களுக்கே தெரியும், ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும், விசைப்படகுக்கு, அதாவது லாஞ்சுக்கு மட்டும், முதல்ல 45 நாளா இருந்தது அப்புறம் 61 ஆச்சு. நிறைய மீன் சினை விடுற காலம், அப்ப அடிவலை போட்டு தரையை வாரக்கூடாதுங்கிறதுதான் யோசனை. இது காலத்தை வச்சு போடுற கட்டுப்பாடு. அமெரிக்காக்காரன் அதோட நிறுத்தல, இந்த வருஷம் இவ்ளோ மீன்தான், அதுக்கு மேல ஒண்ணு கூட கூடாதுன்னு எண்ணிக்கை வச்சு போடுறான். அந்த எண்ணிக்கை எங்கேர்ந்து வருது? எனக்கு இதுல ரொம்ப புடிச்ச இடம் அதுதான்.

காசிமேட்டுல ஒரு ஞாயித்துக்கிழமை, விடிஞ்சும் விடியாம, ஏலம் முடிஞ்சு சில்லரைக் கடை போடுற நேரம். மீன் வெட்டுற ஆயா ஒருத்தங்க பெரிய சங்கரா ஒண்ணை வயித்தைக் கீறினாங்க. உள்ள ரெண்டு சினைப்பை, மஞ்சளா, ரெண்டு விரல் தடிமனுக்கு, மேல செகப்பா நரம்பு ஓடுது, வயித்துல வேற எதுக்குமே இடமில்லாத மாதிரி அடைச்சிட்டிருக்கு. நான் பார்த்துட்டே நின்னேன். "சின்ன மீன்ல இதெல்லாம் வராது சாமி, பெருசுலதான் வயிறு பூரா சினை"ன்னு சொல்லிட்டு அதை தனியா எடுத்து கவர்ல போட்டு குடுத்தாங்க. இந்த ஒரு வரியை உலகம் முழுக்க 342 வகை மீனை வச்சு ஆராய்ச்சி பண்ணி நிரூபிச்ச கட்டுரை 2018லதான் வந்துச்சு. ஆயாவுக்கு அது அதுக்கு முன்னாடியே தெரியும், கத்தி புடிச்ச கை இல்லையா.

அந்த ஆராய்ச்சி என்ன சொல்லுதுன்னா, அட்லாண்டிக் காட்னு ஒரு குளிர்கடல் மீன், அதுல 30 கிலோ தாய் ஒண்ணு இருக்குன்னு வைங்க, அது ஒரு தடவை விடுற முட்டைக்கு சமமா 2 கிலோ தாய் மீன் எத்தனை வேணும்? 30ஐ 2ஆல வகுத்தா 15ன்னு தோணும். 15 பத்தாது, 28 வேணும். அதாவது 56 கிலோ சின்ன மீன் சேர்ந்து பண்ற வேலையை 30 கிலோ மீன் ஒண்ணே பண்ணுது. முட்டைக்குள்ள இருக்குற சத்தையும் சேர்த்து கணக்கு போட்டா 37 சின்ன தாய்க்கு சமம், ஏன்னா பெரிய தாயோட முட்டையும் கொஞ்சம் பெருசு. பொரிஞ்ச குஞ்சுக்கு முதல் சில நாளைக்கு இரை தேடி சாப்பிடத் தெரியாது, அம்மா கட்டிக் குடுத்த கட்டுச்சோறை வச்சுதான் ஓட்டணும், கட்டுச்சோறு பெருசா இருந்தா பொழைக்க வாய்ப்பும் ஜாஸ்தி. சின்ன மீன் திங்கிறதுல ஒரு பங்கு தன் உடம்பை வளர்க்கவே போயிடும், வளர்ந்து முடிஞ்ச மீனுக்கு அந்த செலவு கொஞ்சம்தான், அதனால சினைக்கு நிறைய ஒதுக்க முடியுது.

இப்ப இதையே வயசோட சேர்த்துப் பாருங்க. நான் புரியறதுக்காக ஒரு கணக்கு போடுறேன், இது எந்தக் கடலோட நிஜ எண்ணும் இல்ல. ஒரே வருஷம் பொறந்த 1000 பொண்ணு மீன். நாம வலையே போடலன்னா சுறா தின்னு, நோவு வந்து, வருஷத்துக்கு 100ல 20 சாகுதுன்னு வைங்க. 10 வருஷம் கழிச்சு 107 மீன் மிஞ்சும். இப்ப நாமளும் இறங்கி புடிக்கிறோம், எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு 100ல 50 போகுது. 10 வருஷம் கழிச்சு எத்தனை? ஒண்ணே ஒண்ணு! சாவு 20ல இருந்து 50 ஆச்சு, ரெண்டரை மடங்குதான், ஆனா கிழவிங்க 107ல இருந்து 1 ஆயிட்டாங்க, நூறு மடங்குக்கு மேல கொறைஞ்சிட்டாங்க. கூட்டு வட்டி நம்மளை கடன்ல முழுகடிக்கிற அதே கணக்கு, தலைகீழா. கடல்ல சின்ன மீன் நெறைய தெரியும், வலை நெறையும், எல்லாம் நல்லா இருக்குற மாதிரியே இருக்கும், முட்டை போடுற பாட்டிங்க மட்டும் சத்தமில்லாம காணாம போயிருப்பாங்க.

அதனால விஞ்ஞானிங்க மொத்த மீன் எத்தனைன்னு மட்டும் பார்க்குறதில்ல. பொறக்குற ஒரு பொண்ணு மீன், வலையே இல்லாத கடல்ல தன் ஆயுசுக்கும் எவ்ளோ முட்டை போட்டிருக்கும், நாம புடிக்கிற கடல்ல எவ்ளோ போடும், ரெண்டாவதை முதலாவதால வகுத்து சதவீதம் போடுறாங்க. ஃப்ளோரிடாவுக்கு மேற்குப் பக்கம் இருக்குற மெக்சிகோ வளைகுடாவுல வாழுற சங்கராவுக்கு அந்த இலக்கு 26 சதவீதம், 2032க்குள்ள அதை எட்டணும்னு திட்டம். அந்த 26க்கு கீழ போகாம வருஷத்துக்கு எவ்ளோ புடிக்கலாம்னு பின்னாடியிலிருந்து கணக்கு போட்டு வர்றதுதான் அந்த உச்சவரம்பு. வயசை எப்படி கண்டுபிடிக்கிறாங்கன்னா, கத்தாழை மீன் தலையில வெள்ளையா ஒரு கல் இருக்கும்ல, அந்த மாதிரி எல்லா எலும்பு மீனுக்கும் காதுக்குள்ள கல் உண்டு, சீவிப் பார்த்தா மரத்துல இருக்குற மாதிரி வருஷ வளையம் தெரியும். அப்படி எண்ணித்தான் அந்த ஊர் சங்கரா 50 வயசுக்கு மேல வாழும்னு கண்டுபிடிச்சாங்க. 50 வருஷம் வாழுற மீனுக்கு அஞ்சாறு வருஷம் நல்லா இருந்துச்சுன்னு கட்டுப்பாட்டை எடுத்துட முடியாது, ஏன்னா பாட்டி ஆகணும்னா 30 வருஷம் ஆகும், அதுக்கு குறுக்கு வழி கிடையாது.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். 10,000 மீன்தான் புடிக்கலாம்னு வரம்புன்னு வைங்க, நாளைக்கு 500 மாட்டுதுன்னா 20 நாள் சீசன். திட்டம் வேலை செஞ்சு மீன் பெருகுது, பெருகுதுன்னு தெரிஞ்சதும் போட்டும் பெருகுது, நாளைக்கு 2,000 மாட்டுது. வரம்பை கொஞ்சம் ஏத்தினாலும் சீசன் சுருங்கத்தான் செய்யும். மெக்சிகோ வளைகுடாவுல வரம்பு எடைக்கணக்கு வேற, மீன் வளர்ந்து கனமாக கனமாக வரம்பு இன்னும் சீக்கிரம் தீரும். அங்க தூண்டில்காரங்களுக்கு 2007ல 194 நாள் இருந்தது, 2017ல முதல்ல 3 நாள்னு அறிவிச்சாங்க, பெரிய ரகளை ஆகி அப்புறம் நீட்டுனாங்க. மீன் அழிஞ்சதால சுருங்கல, மீன் திரும்பி வந்ததால சுருங்குச்சு.

அட்லாண்டிக் பக்கம் இன்னொரு கொடுமையும் இருக்கு. சீசன் இல்லாதப்போ வேற மீனுக்கு போட்ட தூண்டில்ல சங்கரா மாட்டும், சட்டப்படி திருப்பி விடணும். ஆனா ஆழத்துல இருந்து சட்டுன்னு தூக்கினா உடம்புக்குள்ள இருக்குற காற்றுப்பை மேல வர வர ஊதிப்போய் வயிறே வாய் வழியா வெளிய தள்ளும், கண்ணு பிதுங்கும். தூக்கிப் போட்டா பலூன் மாதிரி மல்லாக்க மிதக்கும், உள்ள போக முடியாது, பறவைக்கும் சுறாவுக்கும் இரை. அப்படி செத்ததும் கணக்குல ஏறிடும், அதுலயே பெரும்பங்கு தீர்ந்துட்டா மிச்சம் ரெண்டு நாளுக்குத்தான் வரும். மீனை எடை கட்டி ஆழத்துக்கே எறக்கி விடுற கருவி ஒண்ணு போட்டுல தயாரா வச்சிருக்கணும்னு இப்ப அங்க விதி, அழுத்தம் கூட கூட காத்து சுருங்கி மீன் தானா நீந்திப் போயிடுது. எவ்ளோ எளிமையான விஷயம், எனக்கு ரொம்ப புடிச்சிருந்தது.

அங்க வியாபாரத்துக்கு புடிக்கிறவங்க கதை வேற. முன்னாடி மாசத்துல சில நாள் மட்டும் திறந்து விடுவாங்க, வரம்பு தீர்றதுக்குள்ள புடிக்கணும்னு புயல்லயும் ஓடுவாங்க, எல்லாரும் ஒண்ணா கரைக்கு வந்தா விலை விழும். நம்ம ஜூன் 15ஐ நினைச்சுப் பாருங்க, காசிமேட்டு லாஞ்சு எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பும்போது அதே நெருக்கடிதான். 2007ல அங்க ஒவ்வொருத்தருக்கும் வருஷத்துக்கு இவ்ளோ உன் பங்குன்னு முன்னாடியே பிரிச்சு குடுத்தாங்க, ஓட்டப்பந்தயம் நின்னுச்சு, விலை நல்லா இருக்கும்போது போய் புடிக்கிறாங்க.

அதை அப்படியே இங்க கொண்டு வரலாமான்னு கேட்டா, என் பதில் முடியாதுங்கிறதுதான். அவங்க ஒரு மீனைத் தேடிப் போறாங்க. நம்ம லாஞ்சு இழுக்குற மடிவலையில ஒரு இழுப்புல சங்கரா, நவரை, கிழங்கா, கடம்பா, இறால், நண்டுன்னு எல்லாம் கலந்து ஏறும், சங்கரா வரம்பு முடிஞ்சுதுன்னா சங்கராவை மட்டும் மாட்டாம இருன்னு வலைக்கு சொல்ல முடியாது. நமக்கு கைக்கு எட்டுறது வலைக்கண்ணிதான். டைமண்ட் கண்ணி மடியில பாரம் ஏறி இழுபட்டா கண்ணி மூடிக்கும், குஞ்சு தப்பிக்க வழியில்ல. அதே நூல், அதே அளவு, சதுரமா வர்ற மாதிரி கட்டிட்டா எவ்ளோ இழுத்தாலும் கண்ணி திறந்தே இருக்கும், பொடிசு வெளிய போயிடும். கேரளாவுல 2015ல 14 வகைக்கும் 2017ல இன்னும் 44 வகைக்கும் இந்த அளவுக்கு கீழ புடிக்கக்கூடாதுன்னு சட்டம் போட்டாங்க, நம்ம பக்கமும் அது கண்டிப்பா நடக்கணும்னு நான் நினைக்கிறேன். தீவனத்துக்குப் போற பொடிமீன் குவியல்ல கையை விட்டுப் பாருங்க, விரல் நீளத்துக்கு சங்கரா குஞ்சு கிடக்கும், கிலோ ரேட்டு கேட்டா வயிறு எரியும்.

இன்னொண்ணு, மீன் எண்ணுறவங்களுக்கு காசு ஒதுக்கணும். ஏலக்கூடத்துல விடியக்காலைல நின்னு ஒவ்வொரு கூடையிலும் மீனை அளந்து எழுதுற ஆள் இல்லன்னா மேல சொன்ன கணக்கு எதுவுமே கிடையாது. ராக்கெட் விடுற நாட்டுல அளவுபலகை புடிச்சு நிக்கிற ஆளுக்கு நிரந்தர வேலையும் சம்பளமும் குடுக்கறது பெரிய விஷயமா என்ன.

கடல் வத்தாது, கடல் தாய் குடுத்துட்டே இருப்பான்னு நம்ம பெரியவங்க சொல்றதை மூடநம்பிக்கைன்னு சிலர் பேசுறாங்க, எனக்கு அதுல உடன்பாடு இல்ல, பெரிய படிப்பு படிச்சவங்களும் அப்படித்தான் நம்பினாங்க. 1883ல லண்டன்ல நடந்த மீன்பிடிக் கண்காட்சியில தாமஸ் ஹக்ஸ்லிங்கிற பெரிய விஞ்ஞானியே, காட் மாதிரி பெரிய கடல்மீன் வளம் தீரவே தீராதுன்னு பேசினாரு. 1992 ஜூலைல கனடா நியூஃபவுண்ட்லாந்து பக்கம் அதே காட் மீனுக்கு தடை போட வேண்டியதாச்சு, 2 வருஷம்னு சொல்லி ஆரம்பிச்சது, சுமார் 30,000 பேருக்கு வேலை போச்சு, தடையை எடுக்க 2024 ஆச்சு. அங்க பாட்டி மீனையும் சேர்த்து வாரிட்டாங்க, மீன் கொஞ்சமாவது தேற அத்தனை வருஷம் ஆச்சு.

தம்பி, நீங்க ஃபைபர்ல போறதால தடைக்காலத்துலயும் கடல்ல இருப்பீங்க. தூண்டில்ல முழங்கை நீளத்துக்கு மேல சங்கரா ஏறினா விக்க வேணாம்னு நான் சொல்லல, அது உங்க அடுப்பு எரியுற விஷயம். வயித்தைக் கீறும்போது சினை இருந்துதா, மீன் எத்தனை சென்டிமீட்டர், என்ன தேதி, இந்த மூணை மட்டும் ஒரு நோட்டுல எழுதி வைங்க. உங்க அப்பா கூடவும் உக்காந்து, அவரு காலத்துல இதே இடத்துல மாட்டின சங்கரா எவ்ளோ நீளம்னு கையை விரிச்சு காட்டச் சொல்லி, டேப் வச்சு அளந்து அதே நோட்டுல முதல் பக்கத்துல எழுதுங்க.